27 வயதில் மீண்டும் முதலாம் வகுப்பு

உயர்தர வகுப்பில் சேர்ந்து ஓராண்டு நிறைவடைவதற்குச் சற்று முன்னர் நான் உயிரியல் பிரிவிலிருந்து கலைப் பிரிவுக்கு மாறினேன். இதை அறிந்தவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். கட்டுகஸ்தோட்டையில் எங்கள் பக்கத்து வீட்டு மாமி கேட்டார். கண்டி நகருக்குப் போகும் பஸ்ஸில் சந்தித்த பழைய ஆசிரியை ஒருவர் கேட்டார். பெருநாளன்று வீட்டுக்கு வந்த சாச்சியும் கேட்டார். "ஏன் மகள், படிக்க ஏலாமப் போச்சா?"

அந்தக் கேள்வியில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனாலும் அதற்குள் ஒரு தீர்ப்பு ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. ஒரு வழியில் போய்க்கொண்டிருந்தவள் வேறு வழிக்குத் திரும்பினால், முதல் வழியில் அவள் தோற்றுப்போயிருக்க வேண்டும் என்பதே அந்தத் தீர்ப்பு. அது பிழையானது என்று நான் கருதுகிறேன். என் கதையைக் கொண்டு அதை நிறுவ என்னால் முடியாது. எனது பரீட்சை இன்னும் முடியவில்லை. ஆகவே ஓட்டத்தைத் தொடங்கி, வழி மாறி, முடித்தும்விட்ட ஒருவரின் வாழ்க்கையைத் துணைக்கு அழைக்கிறேன். அவர் ஜேர்மனியைச் சேர்ந்த டெனிஸ் ஹெர்மன் என்ற பனிச்சறுக்கு வீராங்கனை.

அவரைப் பற்றி நான் அறிந்தது தற்செயலாகத்தான். பிரிவு மாறுவதா வேண்டாமா என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்த வாரத்தில், நானா தனது கைபேசியில் பழைய ஒலிம்பிக் ஓட்டம் ஒன்றைக் காட்டினார். 2022 பெப்ரவரி 7ஆம் திகதி, பீஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 15 கிலோமீற்றர் தனிநபர் பயத்லன் போட்டி அது. முதுகில் துப்பாக்கியைச் சுமந்தபடி வெண்பனியில் மூச்சிரைக்கச் சென்ற ஒருவர் தங்கப் பதக்கம் வென்றார். "இவர் எட்டு வருசத்துக்கு முந்தி வேறொரு விளையாட்டில் ஒலிம்பிக் பதக்கம் எடுத்தவர்" என்றார் நானா. அந்த ஒரு வசனம்தான் என்னைத் தேடிப் படிக்க வைத்தது.

நம்மில் பலருக்கு இந்த விளையாட்டு அந்நியமானது. கண்டியில் பனி என்றால் ஹந்தானை மலையில் காலையில் இறங்கும் மூடுபனிதான். நுவரெலியாவில் சில ஜனவரி, பெப்ரவரிக் காலைகளில் புல்லின் மேல் உறைபனி படிந்தால் அதுவே நமக்குப் பத்திரிகைச் செய்தி. ஆகவே முதலில் சிறு விளக்கம் தேவை.

நெடுந்தூரப் பனிச்சறுக்கு என்பது மலையுச்சியிலிருந்து வழுக்கிக்கொண்டு கீழே இறங்கும் விளையாட்டு அல்ல. நீண்டு ஒடுங்கிய பலகைகளைக் காலில் பூட்டிக்கொண்டு, இரு கைகளிலும் ஊன்றுகோல்களைப் பிடித்து, சமதரையிலும் ஏற்றத்திலும் இறக்கத்திலும் சொந்தப் பலத்தாலேயே கிலோமீற்றர் கணக்கில் செல்ல வேண்டும். கால், கை, முதுகு, நுரையீரல், இதயம் அனைத்தும் ஒருசேர உழைக்கின்ற கடுமையான விளையாட்டு அது. எல்லைக்கோட்டைத் தாண்டியதும் வீராங்கனைகள் பனியிலேயே விழுந்து கிடப்பதைப் பார்த்தால் அதன் கடுமை புரியும்.

டெனிஸ் ஹெர்மன் 1988 டிசம்பரில் ஜேர்மனியின் சக்சனி மாநிலத்தில் பிறந்தவர். அவர் வளர்ந்ததும் பெயரெடுத்ததும் இந்த நெடுந்தூரப் பனிச்சறுக்கில்தான். 2014இல் ரஷ்யாவின் சோச்சி நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில், நால்வர் பங்கேற்கும் பெண்கள் அஞ்சலோட்டத்தில் ஜேர்மனி வெண்கலம் வென்றது. ஒவ்வொருவரும் 5 கிலோமீற்றர் செல்ல வேண்டிய அந்தப் போட்டியில் கடைசிக் கட்டத்தை ஓடி முடித்தவர் ஹெர்மன். நமது இல்ல விளையாட்டுப் போட்டியில் கடைசிக் கட்டத்தை யாரிடம் ஒப்படைப்போம் என்று எண்ணிப் பாருங்கள். அந்த நம்பிக்கைக்கு உரியவராகத்தான் அவர் அப்போது இருந்தார்.

அப்படிப்பட்டவர் 2016இல் அந்த விளையாட்டை விட்டு பயத்லனுக்கு மாறினார். அப்போது அவருக்கு வயது 27.

பயத்லன் என்பது இரண்டு போட்டிகள் சேர்ந்த ஒன்று. பனிச்சறுக்கும் துப்பாக்கி சுடுதலும் அதில் இணைகின்றன. குறைந்தது 3.5 கிலோகிராம் எடையுள்ள துப்பாக்கியை முதுகில் சுமந்து சறுக்கிச் சென்று, இடையிடையே நின்று 50 மீற்றர் தூரத்தில் உள்ள ஐந்து இலக்குகளைச் சுட வேண்டும். படுத்துச் சுடும்போது ஒவ்வொரு இலக்கும் 45 மில்லிமீற்றர் விட்டமுடையது. தேநீர்க் கோப்பையின் வாயைவிடச் சிறியது. நின்று சுடும்போது 115 மில்லிமீற்றர். 15 கிலோமீற்றர் தனிநபர் போட்டியில் நான்கு முறை நின்று மொத்தம் 20 தோட்டாக்கள் சுட வேண்டும். ஒன்று தவறினால் ஓட்ட நேரத்தோடு ஒரு முழு நிமிடம் கூட்டப்படும். வேறு சில வகைப் போட்டிகளில், ஒவ்வொரு தவறுக்கும் 150 மீற்றர் வளையம் ஒன்றைத் தண்டனையாகச் சுற்றி வர வேண்டும்.

இதில் உள்ள சிரமத்தைப் புரிந்துகொள்ள பனி தேவையில்லை. நமது கல்லூரிப் படிக்கட்டுகளில் அடியிலிருந்து மேல்வரை மூன்று முறை ஓடி ஏறுங்கள். ஏறி முடித்த கணமே ஓர் ஊசியில் நூல் கோர்த்துப் பாருங்கள். நெஞ்சு துடிக்கும், கை நடுங்கும், நூல் ஊசிக்கு வெளியே வெளியே போகும். ஹெர்மன் பல வருடங்களாகப் பழகியதெல்லாம் தன்னை முழுமையாக விரட்டுவதற்குத்தான். இப்போது விரட்டிய உடலைச் சில செக்கன்களில் அடக்கவும் பழக வேண்டியிருந்தது. பழைய விளையாட்டில் வேகத்தைக் கொடுத்த அதே வேட்கை புதிய விளையாட்டில் தோட்டாவை இலக்குக்கு வெளியே அனுப்பிவிடும்.

இங்கேதான் அவரது வாழ்க்கை எனக்குப் பாடமாகிறது. பனியின் மேல் அவர் மாறிய நாளிலிருந்தே வேகமானவர். அந்த வேகத்தை அவர் புதிதாகக் கற்க வேண்டியிருக்கவில்லை. சிறு வயதிலிருந்து பயிற்சி செய்து சேர்த்த இதயமும் நுரையீரலும் கால்களும் அவருடனேயே வந்தன. "இவ்வளவு நாள் படித்ததெல்லாம் வீணாகிவிடுமே" என்று நாம் சொல்கிறோம் அல்லவா? ஹெர்மனுக்கு அது வீணாகவில்லை. பிற்காலத்தில் அவர் வென்ற ஒவ்வொரு பதக்கத்திலும் பழைய விளையாட்டின் உழைப்பு இருந்தது.

ஆனால் துப்பாக்கியைப் பொறுத்தவரை அவர் முதலாம் வகுப்புப் பிள்ளை. அவருடன் போட்டியிட்ட பலர் சிறு பராயத்திலிருந்தே சுட்டுப் பழகியவர்கள். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற ஒருவர், தம்மைவிட இளையவர்கள் சாதாரணமாகச் செய்வதைத் தாம் செய்ய முடியாமல் நிற்பது எவ்வளவு கூச்சத்தைத் தரும்? அதுவும் ஆயிரக்கணக்கானோர் பார்த்திருக்க, வேகமாக வந்து நின்று இலக்கைத் தவறவிட்டு, தண்டனை வளையத்தைச் சுற்றுவது? ஆரம்ப காலத்தில் அவருக்கு இது பலமுறை நடந்தது.

முன்னேற்றமும் ஒரே நேர்கோட்டில் வரவில்லை. 2017 டிசம்பரில் சுவீடனின் ஓஸ்டர்சுன்ட் நகரில் முதலாவது உலகக் கிண்ண வெற்றியைப் பெற்றார். எல்லோரும் அடுத்த சில வாரங்களில் நடக்கவிருந்த ஒலிம்பிக்கை எதிர்பார்த்தார்கள். 2018இல் தென்கொரியாவின் பியோங்சாங்கில் அவருக்கு ஒரு பதக்கமும் கிடைக்கவில்லை. அந்த நாளில் அவரது உறவினர்கள் கண்டியில் இருந்திருந்தால், "பழைய விளையாட்டிலேயே இருந்திருக்கலாமே" என்று நிச்சயம் சொல்லியிருப்பார்கள். அவர் விட்டுவிடவில்லை. 2019இல், அதே ஓஸ்டர்சுன்டில் நடந்த உலக சாம்பியன் போட்டியில் தங்கம் வென்றார். 2022இல் பீஜிங்கில் ஒலிம்பிக் தங்கம். திருமணத்துக்குப் பின் ஹெர்மன் விக் என்ற பெயரில் 2023 பெப்ரவரியில் சொந்த நாட்டின் ஓபர்ஹோஃப் நகரில் மீண்டும் உலக சாம்பியனானார். அடுத்த மாதமே போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்றார்.

2016இலிருந்து 2022 வரை எண்ணிப் பாருங்கள். ஆறு வருடங்கள். ஆறாம் வகுப்பில் வெள்ளைச் சீருடையுடன் உள்ளே வரும் ஒரு பிள்ளை சாதாரண தரப் பரீட்சைக்கு உட்காரும் வரையான காலம் அது. வழி மாறிய பிள்ளையிடம் முதல் தவணைப் பரீட்சையிலேயே நல்ல பெறுபேறு கேட்கிறோமே, அது நியாயமா?

பீஜிங் ஓட்டத்தில் என் மனதில் நின்ற இன்னொரு விடயமும் உண்டு. அன்று ஹெர்மன் 20இல் 19 இலக்குகளையே வீழ்த்தினார். ஒன்று தவறியது, ஒரு நிமிடம் கூட்டப்பட்டது. அப்படியிருந்தும் இரண்டாம் இடம் பெற்றவரைவிடப் பத்துச் செக்கனுக்கும் குறைவான இடைவெளியில் அவர் வென்றார். தவறிய தோட்டாவின் நிமிடத்தை ஈடுசெய்ய உதவியது பழைய விளையாட்டில் பெற்ற வேகம்தான். புதிதாகக் கற்றதும் முன்பே கற்றதும் அன்று ஒன்றுக்கொன்று கைகொடுத்தன.

இனி என் பக்கத்துக்கு வருகிறேன். நான் மாறிய முதல் தவணையில் தமிழில் எனக்கு 38 புள்ளிகள். வகுப்பில் ஆகக் குறைந்த புள்ளிகளில் ஒன்று. மற்றவர்கள் பாதிப் பாடத்திட்டத்தை முடித்திருந்தார்கள். நானோ அவர்களது பழைய கொப்பிகளை வாங்கி, இரவில் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன். சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு பெற்றவள் என்ற பெயர் அந்த வகுப்பில் எனக்கு உதவவில்லை. ஆனால் புவியியல் பாடத்தில் வரைபுகளையும் புள்ளிவிபர அட்டவணைகளையும் பார்த்துச் சில தோழிகள் தடுமாறியபோது எனக்கு அது இலகுவாக இருந்தது. ஓராண்டு விஞ்ஞானம் படித்ததால் வந்த பழக்கம் அது. கம்பளை, பேராதனை, கட்டுகஸ்தோட்டை என்று வளைந்து வரும் மகாவலியை வரைபடத்தில் பின்தொடர்ந்தபோது, எங்கள் வீட்டுக்குக் கீழே ஓடும் ஆற்றை முதன்முறை பார்ப்பது போல இருந்தது. அப்போதுதான் நான் சரியான இடத்துக்கு வந்திருக்கிறேன் என்று தோன்றியது.

உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். நான் மாறியதில் பயமும் கொஞ்சம் இருந்தது. இரசாயனவியல் புள்ளிகள் குறைந்துகொண்டே வந்தன. வாப்பா அதைக் கண்டுபிடித்துவிட்டார். "வகுப்புக் காசு போனாப் பரவாயில்ல. ஆனா மகள், நீங்க அங்கயிருந்து ஓடி வாறீங்களா, இல்ல இங்க வர விரும்பித்தான் வாறீங்களா?" என்று கேட்டார். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு நாட்கள் யோசித்துத்தான் சொன்னேன். ஹெர்மனின் வாழ்க்கையைப் பார்க்கும்போது வாப்பாவின் கேள்விதான் சரியான கேள்வி என்று இப்போது நினைக்கிறேன். அவர் பதக்கம் பெற்ற ஒரு விளையாட்டிலிருந்து மாறினார். தோல்வி அவரைத் துரத்தவில்லை. நம்மில் சிலர் ஒரு பாடம் கடினம் என்பதற்காக மட்டும் மாறத் துடிக்கிறோம். அப்படி மாறினால் அடுத்த பாடம் கடினமாகும்போது மீண்டும் மாறத் தோன்றும். எந்தப் பிரிவிலும் ஊசியில் நூல் கோர்க்க வேண்டிய ஓர் இடம் வந்தே தீரும்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு இருக்கிறது. ஜேர்மனி வேறு, இலங்கை வேறு. அங்கே குளிர்கால விளையாட்டு வீரர்கள் பலரைச் சுங்கத் திணைக்களம், பொலிஸ், இராணுவம் போன்ற அரச அமைப்புகள் பதவியில் அமர்த்திப் பயிற்சிக்கு இடமளிக்கின்றன. ஹெர்மனும் சுங்கத் திணைக்களத்தின் பனிச்சறுக்கு அணியைச் சேர்ந்தவர். விழுந்தாலும் தாங்கிக்கொள்ள அவருக்கு ஒரு வலை இருந்தது. நமக்கோ உயர்தரப் பரீட்சைக்குத் தோற்ற மூன்று தடவைகள்தான். தனியார் வகுப்புகளுக்குக் கட்டிய பணம் திரும்பி வராது. ஒரு வருடம் பிந்தினால் அதை வயதுக் கணக்கிலும் பார்க்கும் சமூகம் நம்முடையது. பெண் பிள்ளையாக இருந்தால் அந்தக் கணக்கு இன்னும் கடுமை.

இந்த மறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் மாறுவதற்கு மட்டுமே விலை உண்டு என்று எண்ணுவது பாதிக் கணக்குத்தான். மாறாமல் இருப்பதற்கும் விலை இருக்கிறது. விருப்பமில்லாத பிரிவில் மூன்று தடவையும் பரீட்சை எழுதிய பிறகு, "முதல் வருசமே மாறியிருக்கலாம்" என்று சொல்லும் தாத்தாமார் நம் ஊர்களில் இல்லையா? அவர்களது வருடங்களை யாரும் எண்ணுவதில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மாறியவர் எல்லோருக்கும் தங்கம் கிடைப்பதில்லை. ஹெர்மனுக்கு முன்னரே நெடுந்தூரப் பனிச்சறுக்கிலிருந்து பயத்லனுக்கு வந்த கதி வில்ஹெல்ம் என்ற ஜேர்மன் வீராங்கனை 2002இல் ஒலிம்பிக் தங்கம் வென்றார். ஆனால் சுவீடனின் ஸ்டீனா நில்சன் 2018 ஒலிம்பிக்கில் நெடுந்தூரப் பனிச்சறுக்கில் தங்கம் வென்றவர். 2020இல் பயத்லனுக்கு மாறினார். 2022 ஒலிம்பிக்கில் அவருக்குப் பயத்லன் பதக்கம் எதுவும் கிடைக்கவில்லை. அதனால் அவர் முட்டாள்தனமாக நடந்துகொண்டார் என்று சொல்லலாமா? நான் சொல்லமாட்டேன். தன் விருப்பத்தையும் வலிமையையும் எடைபோட்டு ஒருவர் எடுத்த முடிவைப் பதக்கத்தை மட்டும் வைத்து அளக்க முடியாது. முயற்சி நம்முடையது, முடிவு அல்லாஹ்வுடையது என்று தவக்குலைப் பற்றிப் படிக்கும்போது நாம் சொல்லிக்கொள்கிறோம். பாடசாலைப் பெறுபேறு வரும் நாளிலும் அதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

"இது வெள்ளைக்காரர்களின் கதை, நமக்கு என்ன?" என்று கேட்பவர்களுக்கு, ஹிஜாப் அணிந்த ஒரு சகோதரியையும் அறிமுகப்படுத்துகிறேன். அமெரிக்காவின் வாள்வீச்சு வீராங்கனை இப்திஹாஜ் முஹம்மத், 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஹிஜாபுடன் போட்டியிட்டு அணிப் போட்டியில் வெண்கலம் வென்றவர். உடல் முழுவதையும் மறைக்கும் உடை என்பதாலேயே அந்த விளையாட்டு அவரது குடும்பத்தாருக்குப் பிடித்தது. அவரும் மாறியவர்தான். முதலில் எபே என்ற வாள்வகையில் தொடங்கி, பின்னர் சேபர் என்ற வகைக்கு வந்தார். முன்னையதில் வாள்முனையால் மட்டுமே தொட வேண்டும். பின்னையதில் வாளின் விளிம்பாலும் வீசலாம். விதிகளும் வேகமும் வேறு. பதக்கம் வந்தது இரண்டாவது வாளில்.

வயதைப் பற்றிக் கவலைப்படுவோர் தூரம் போக வேண்டியதில்லை. நமது கண்டித் திரித்துவக் கல்லூரியின் பழைய மாணவர் டங்கன் வைற், 1948 லண்டன் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் தடைதாண்டல் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்று, இலங்கைக்கு முதலாவது ஒலிம்பிக் பதக்கத்தைக் கொண்டுவந்தார். அப்போது அவருக்கு வயது 30. ஹெர்மன் பீஜிங்கில் தங்கம் வென்றபோது வயது 33. நமது உயர்தர மாணவிக்கு 18. எந்தக் கணக்கில் அவளுக்குக் காலம் கடந்துவிட்டது?

பெற்றோருக்கு என் பணிவான வேண்டுகோள் இதுதான். உங்கள் மகள் மாற விரும்புகிறேன் என்று வந்து நின்றால், "ஏலாமப் போச்சா?" என்று தொடங்காதீர்கள். "அங்கே போனால் என்ன செய்யப் போகிறீர்கள்? இதுவரை படித்ததில் எது உங்களோடு வரும்? எதை அடியிலிருந்து படிக்க வேண்டும்?" என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் யோசிக்க அவகாசம் கொடுங்கள். பதில் இருந்தால் காலத்தையும் சேர்த்துக் கொடுங்கள். முதல் சில தோட்டாக்கள் தவறத்தான் செய்யும்.

தோழியருக்கு ஒன்று. மாறுவது என்று முடிவெடுத்தால் பழைய வகுப்பின் பெருமையை வாசலிலேயே விட்டுவிட்டு வாருங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். உங்களைவிடப் புள்ளி குறைந்தவளாக நீங்கள் நினைத்திருந்த தோழியிடம் கொப்பி கேட்க வெட்கப்படாதீர்கள். நான் அப்படிக் கேட்டேன். அவள் கொப்பியைத் தந்ததோடு, விளங்காத இடங்களை இடைவேளையில் உட்கார்ந்து சொல்லியும் தந்தாள். அவள் இல்லாவிட்டால் அந்த 38, அடுத்த தவணையில் 57 ஆகியிருக்காது.

எனது பரீட்சைக்கு இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. பெறுபேறு எப்படி வரும் என்று எனக்குத் தெரியாது. நன்றாக வந்தால் பக்கத்து வீட்டு மாமி மகிழ்வார். வராவிட்டால் அதே கேள்வியை மீண்டும் கேட்பார். எப்படி வந்தாலும் அவரிடம் சொல்ல இப்போது என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. "ஏலாமப் போகல்ல மாமி. விருப்பப்பட்டுத்தான் வந்தேன்." எனக்காகவும், வழி மாறத் துணிந்து நிற்கும் எல்லாத் தோழியருக்காகவும் துஆ செய்யுங்கள்.